சாய்ந்தால் ஒரு அடி

எல்லோருக்கும் வணக்கம்.

கடையநல்லூர்ப் பக்கம் ஒரு கோவில் கொடைக்கு சீரியல் செட் கட்டிக்கொண்டிருந்தபோது மூங்கில் சாரத்திலிருந்து விழுந்தேன். அதற்கப்புறம் மூன்று கொடை முடிந்துவிட்டது. தண்டுவடத்தில் அடி. ஸ்கேனில் டி12 (நெஞ்சுப் பகுதியின் கடைசி முதுகெலும்பு) என்று எழுதியிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை. கை இரண்டும் நன்றாக இருக்கின்றன, அதனால் இந்த நன்றி மடலை நானே எழுதுகிறேன்.

யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதினேன். பாதிப் பேர் நம்ம ஊர்க்காரர்கள். மீதிப் பேர் இஸ்ரேல்காரர்கள், அவர்களுக்கு என்னைத் தெரியவே தெரியாது. இது எப்படி என்று கேட்பீர்கள். வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

முதலில் பிசியோ மேடம். காலை மடங்காமல் பிடிக்கும் சட்டமான காலிப்பரை மாட்டி, பேரலல் பார் என்கிற இரண்டு கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவில் நிற்க மாட்டேன் என்று நான் அடம்பிடித்த நாட்கள் உண்டு. "நின்னு என்ன ஆகப் போகுது, இது என் காலே இல்ல" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தியிருக்கிறேன். மேடம் கோபப்படவில்லை. போனில் ஒரு வீடியோவைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வீடியோவில் என்னைப் போலக் கால் செத்துப்போன ஒருவர் நடக்கிறார். காலுக்கு வெளியே கம்பிச் சட்டம், இடுப்பிலும் முட்டியிலும் மோட்டார், முதுகுப் பையில் பேட்டரி, மணிக்கட்டில் வாட்ச் மாதிரி ஒரு சுவிட்ச், இரண்டு கையிலும் ஊன்றுகோல். உடம்பை லேசாக முன்னால் சாய்த்தால் அதை சென்சார் கண்டுபிடித்துக் காலை எடுத்து வைக்கிறது. மறுபடி சாய்ந்தால் அடுத்த அடி. வயர், மோட்டார், பேட்டரி என்றால் எனக்குத் தொழில். கத்துவதை மறந்துவிட்டு, எந்த வயர் எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். மேடம் எதிர்பார்த்ததும் அதைத்தான் என்பது பிறகுதான் புரிந்தது.

கருவியின் பெயர் ரீவாக். செய்தவர் அமித் கோஃபர், இஸ்ரேலின் டெக்னியான் பல்கலைக்கழகத்தில் படித்த இன்ஜினியர். மூளை ஆபரேஷன் நடக்கும் அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்னதாக எம்ஆர்ஐ கருவி செய்யும் வேலையில் இருந்தவர். 1997இல் நான்கு சக்கர மோட்டார் பைக் ஓட்டும்போது விபத்து. எனக்கு அடிபட்டது இடுப்புக்கு மேலே, அவருக்குக் கழுத்தில். கால் மட்டுமல்ல, கையும் போய்விட்டது. கால் போனவனுக்கு இத்தனை காலமாக ஏன் இந்த ஒரு நாற்காலியை மட்டுமே கொடுக்கிறார்கள், வேறு ஒன்றும் யாருக்கும் தோன்றவில்லையா என்ற கேள்வியோடுதான் அவர் வீல்சேரில் உட்கார்ந்தார். அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் ரீவாக். 2012இல் இங்கிலாந்தைச் சேர்ந்த கிளேர் லோமாஸ் அதை மாட்டிக்கொண்டு லண்டன் மாரத்தான் தூரம் முழுவதையும் நடந்து முடித்தார். இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது, ஆனாலும் முடித்தார். 2014இல் அமெரிக்க அரசு அதை வீட்டிலேயே வைத்துப் பயன்படுத்த அனுமதி கொடுத்தது.

ரீவாக் மாட்டி நடக்க ஊன்றுகோல் பிடிக்க வேண்டும். ஊன்றுகோல் பிடிக்கக் கை வேண்டும். செய்தவருக்குக் கை சரியாக வேலை செய்யாது. அதாவது தன்னால் ஒரு நாளும் மாட்டிக்கொள்ள முடியாத காலை, அது தனக்கு உதவாது என்று தெரிந்தே, அந்த மனிதர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து செய்திருக்கிறார்.

இதைத் தெரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்குக் கை இருக்கிறது. அந்தக் கருவி எனக்குப் பொருந்தும், அவருக்குத்தான் பொருந்தாது. நானோ பேரலல் பாரைப் பிடிக்க மாட்டேன் என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

அவர் அதோடு விடவில்லை. ஆளை நிமிர்த்தி நிற்கவைத்தபடியே மேடு பள்ளத்தில் ஓடக்கூடிய ஒரு வீல்சேரை அப்புறம் செய்தார். அதன் பெயர் அப்-அன்-ரைடு. 2015இல் அதில் ஏறித் தெருவில் நிமிர்ந்து நின்றார். விபத்து நடந்து 18 ஆண்டு கழித்து.

ரீவாக் வாங்கினாயா என்று கேட்காதீர்கள். வந்த புதிதிலேயே அதன் விலை ஏறத்தாழ 70 ஆயிரம் டாலர், எங்கள் தெருவையே விற்றாலும் ஒரு கால்தான் வரும். நான் நின்றது நம்ம ஊர்க் காலிப்பரில். மறுநாள் காலை மேடம் சொன்னது மட்டும் அதே விதிதான்: "முன்னால சாயுங்க, பயப்படாதீங்க. சாஞ்சாத்தான் அடி வரும்." விழுந்தவனைச் சாயச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விழுந்தவனுக்குத்தான் தெரியும். சாய்ந்தேன். அன்று நான்கு அடி.

அடுத்து என் அக்கா. தண்டுவடம் அடிபட்டவனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வரும். அக்கா அலாரம் வைத்து எழுந்து புரட்டினாள். பல மாதம் அவள் முழு ராத்திரி தூங்கவே இல்லை. அப்படியும் ஒரு புண் வந்து சீழ் வைத்துவிட்டது. கிளிண்டாமைசின் என்கிற கிருமிக்கொல்லி மருந்தை ஏற்றினார்கள். ஆறியது.

அக்கா மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. பாட்டில் மேலே இருந்த பெயரைப் படித்துவிட்டு, "மாமா, இது எங்க பாடத்துல வர்ற ரைபோசோமத்தான் பிடிக்குது" என்றாள். செல்லுக்குள் புரதம் செய்கிற பட்டறைதான் ரைபோசோம். கிருமியின் பட்டறையில் போய் இந்த மருந்து அடைத்துக்கொள்கிறது. கிருமி புரதம் செய்ய முடியாமல் அடங்குகிறது. மருந்து பழசு, ஆனால் அது எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்று அணு அணுவாகக் காட்டியவர்களில் ஒருவர் இஸ்ரேல் விஞ்ஞானி அடா யோனத் என்று அவள்தான் சொன்னாள். அவருடைய குழு 2001இல் வெளியிட்ட படங்களில் கிளிண்டாமைசினும் உண்டு.

அடா 1939இல் ஜெருசலேமில் பிறந்தவர். ஏழைக் குடும்பம், ஒரே வீட்டை வேறு குடும்பங்களோடு பங்கு போட்டு வாழ்ந்தார்கள். ஐந்து வயதில் பால்கனியின் உயரத்தை அளக்கிறேன் என்று மேசை நாற்காலியை அடுக்கி ஏறி, விழுந்து கையை உடைத்துக்கொண்டார். (விழுந்தவர்கள் சங்கத்தில் அவரையும் சேர்த்துக்கொண்டேன்.) 11 வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மாவுக்கு ஒத்தாசையாகக் கிடைத்த வேலையெல்லாம் செய்துகொண்டே படித்தார். ரைபோசோமைப் படம் பிடிக்க வேண்டுமானால் அதைப் படிகமாக்க வேண்டும், அதாவது ஒழுங்கான வரிசையில் அடுக்கிக் கட்டியாக்க வேண்டும். அது ஆகாத காரியம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், சிரித்தவர்களும் உண்டு. சைக்கிளிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டு ஓய்வில் இருந்தபோது, பனிக்கரடியைப் பற்றி ஒரு கட்டுரை படித்திருக்கிறார். குளிர்காலத் தூக்கத்துக்குப் போகும் கரடியின் செல்லுக்குள் ரைபோசோம்கள் வரிசையாக அடுக்கிக்கொள்ளும் என்று அதில் இருந்தது. இயற்கை அடுக்குகிறது என்றால் நாமும் அடுக்கலாம் என்று ஆரம்பித்தார். கொதிக்கும் ஊற்றிலும் சாக்கடலிலும் வாழ்கிற முரட்டுக் கிருமிகளைப் பிடித்து, அவற்றின் ரைபோசோமைப் படிகமாக்கினார். எக்ஸ்ரே பட்டால் படிகம் உடைந்துபோகிறது என்றதும் அதைத் திரவ நைட்ரஜன் குளிரில் உறையவைத்தார். 20 ஆண்டு உழைப்பு. 2009இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் நம்ம சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். என் முதுகுப்புண் ஆறியதில் ஜெருசலேமுக்கும் சிதம்பரத்துக்கும் பங்கு இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். "அலாரத்துக்கு இல்லையா?" என்றாள். அலாரத்துக்குத்தான் முதல் பங்கு.

இப்போது ஆட்டோ பாய்க்கு வருகிறேன். ஏழு மாதம், வாரம் மூன்று நாள், காலை ஐந்தரைக்கு வாசலில் வந்து நின்று, என்னைக் குழந்தை மாதிரி தூக்கி உட்காரவைத்து, பிசியோவுக்கு 40 கிலோமீட்டர் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டவர். டீசல் காசுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

இந்த மடலில் இஸ்ரேல்காரர்களும் வருகிறார்கள் என்று அவரிடம்தான் முதலில் சொன்னேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "காசாவுல இவ்வளவு நடந்திருக்கு. நீ இஸ்ரேல்காரனுக்கு நன்றி எழுதப் போறியா தம்பி?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பல்லாயிரம் பேர், அதில் எத்தனையோ குழந்தைகள், செத்துப்போயிருக்கிறார்கள். நான் நன்றி சொல்வது ஒரு நாட்டுக்கோ அதன் ராணுவத்துக்கோ இல்லை. அதை வாயால் விளக்கத் தெரியாமல் யுவால் ரோத் கதையைச் சொன்னேன்.

யுவால் ரோத் ஒரு தச்சர். 1993இல் அவருடைய சகோதரர் ஊடியை ஹமாஸ்காரர்கள் கடத்திக் கொன்றுவிட்டார்கள். பழிவாங்கப் போகாமல், இரண்டு பக்கமும் பிள்ளையையும் சொந்தத்தையும் பறிகொடுத்தவர்கள் சேர்ந்து உட்காரும் பெற்றோர் வட்டம் என்ற அமைப்பில் சேர்ந்தார். அங்கே பழக்கமான ஒரு பாலஸ்தீனர், நோயாளியான தன் சகோதரனை செக்போஸ்டிலிருந்து ஹைஃபா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். டாக்ஸிக்குக் காசு இல்லை. ரோத் தன் காரில் கொண்டுபோனார். அடுத்து இன்னொருவர் கேட்டார், அப்புறம் இன்னொருவர். தனி ஆளாக முடியாமல் நண்பர்களைக் கூப்பிட்டார். பாடகர் லியனார்ட் கோஹன் பணம் அனுப்ப, 2010இல் அது முறையான அமைப்பாயிற்று. பெயர் 'குணமாகும் பாதை'. விடியற்காலையில் செக்போஸ்டில் போய் நின்று, புற்றுநோய்க் குழந்தைகளையும் டயாலிசிஸ் குழந்தைகளையும் அம்மாவோடு ஏற்றி, ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தார்கள்.

பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மூன்று கேள்வி கேட்டார். "எத்தனை கிலோமீட்டர் வரும்?" "பெட்ரோல் யார் காசு?" "செக்போஸ்ட்ல எவ்வளவு நேரம் நிக்கணும்?" ஓட்டுநர் ஓட்டுநரைப் பற்றி விசாரிக்கிற மாதிரி. பெட்ரோல் பலருக்குக் கைக்காசுதான் என்றேன். வண்டியை எடுத்தார்.

மீதியையும் சொன்னேன். அப்படிக் காசா நோயாளிகளை ஓட்டிப்போனவர்களில் இரண்டு பேர் விவியன் சில்வரும் ஓடெட் லிஃப்ஷிட்ஸும். விவியன், 'சமாதானம் செய்யும் பெண்கள்' அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில், பேரி என்கிற கிப்புட்ஸில் (கூட்டாக வாழும் கிராமம்) அவரைக் கொன்றார்கள். ஓடெட் 83 வயதுப் பத்திரிகையாளர். அவரையும் மனைவி யோக்கெவெத்தையும் அதே நாள் காசாவுக்குக் கடத்திப் போனார்கள். இரண்டு வாரம் கழித்து யோக்கெவெத்தை விடுவித்தபோது, தன்னைக் காவல் காத்தவனின் கையைப் பிடித்து "ஷாலோம்" (சமாதானம்) சொன்னார் அந்தக் கிழவி. கணவர் 2025 பிப்ரவரியில் பிணமாகத்தான் வந்தார். இதற்குப் பிறகும் அந்த ஓட்டுநர்கள் நிறுத்தவில்லை. காசா வழி அடைத்துவிட்டது, மேற்குக்கரை செக்போஸ்டுகளுக்கு இன்னும் காலையில் போகிறார்கள். விவியனின் மகன் யோனதான் ஸெய்கன் அம்மா விட்ட சமாதான வேலையை எடுத்துக்கொண்டார்.

இதைக் கேட்டு பாய் என்ன சொன்னார் என்று எழுத மாட்டேன். அது எங்களுக்குள். மடலில் அவர்கள் பெயர் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

அன்று சாரத்தடியில் என்னைத் தூக்கியவர்களுக்கும் நன்றி. ஆனால் இனிமேல் யாராவது விழுந்தால் கையைக் காலைப் பிடித்து மடக்கித் தூக்காதீர்கள் ஐயா, ஒரு பலகையில் நேராகப் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். கிளை நூலகர் அக்காவுக்கும் நன்றி. ஆங்கிலக் கட்டுரைகளைப் பிரிண்ட் எடுத்து வீட்டுக்கே அனுப்பியவர். எழுத்துக்கூட்டிப் படித்து அர்த்தம் சொன்னது அக்கா மகள்.

கடைசியாக இட்ஸாக் பெர்ல்மன். டெல் அவிவில் 1945இல் பிறந்து, நான்கு வயதில் போலியோ வந்தவர். ஊன்றுகோலோடு மேடைக்கு வந்து, உட்கார்ந்தபடியே வயலின் வாசித்து உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர். இசையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அவர் வயலின் எனக்குப் பாதி நேரம் தூக்கம் வரவழைத்தது (அதுவும் உதவிதான்). எனக்குப் பிடித்தது வேறு. போகிற ஊரெல்லாம், மண்டபத்தில் சக்கர நாற்காலி ஏற வழி இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் வெளிப்படையாகப் பேசுகிறவர் அவர்.

அந்தத் தைரியத்தில் நானும் கேட்டேன். வருகிற ஆடிக் கொடைக்கு சீரியல் போர்டு என்னுடையது. வீட்டில் உட்கார்ந்தே வயரிங் முடித்துவிட்டேன். ஆனால் கண்ட்ரோல் பெட்டி மேடைமேல் இருக்கும், நான் அங்கே போக வேண்டும். கொடைக் கமிட்டிக்காரர்கள் சாய்வாகப் பலகை போட்டுத் தருகிறோம் என்றார்கள், அவர்களுக்கும் நன்றி. எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்றேன். மேடை மூன்றடி. 36 அடிக்கு எங்கேயப்பா போவது என்று தலையைச் சொறிந்துகொண்டு போயிருக்கிறார்கள்.

யாரிடமாவது சாரப்பலகை சும்மா கிடந்தால் சொல்லுங்கள். பாய் வண்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.