செயலாளரின் ஆண்டறிக்கை – 2024/2025

தலைவர் அவர்களே, போஷகர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான எங்கள் சங்கத்தின் வேலைகளைச் சபை முன் வைக்கிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். நவராத்திரி விழா, பொங்கல், முதியோர் ஒன்றுகூடல் மூன்றும் வழமைபோல நடந்தன. இந்த ஆண்டு எங்கள் நேரத்தையும் கைக்காசையும் அதிகம் எடுத்தது அகதிக் குடும்பங்களுக்கான வேலைதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஏப்ரலில், காசா சிறுவர்களுக்காக அரசாங்கம் தொடங்கிய நிதியத்துக்கு அங்கத்தவர்கள் சேர்த்துக் கொடுத்த தொகையை அனுப்பினோம். அதற்குப் பிறகுதான், தூரத்துக்கு அனுப்புகிறோம், பக்கத்தில் இருப்பவர்களை என்ன செய்யப் போகிறோம் என்ற பேச்சு குழுவில் எழுந்தது.

பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், மியன்மார் போன்ற நாடுகளில் இருந்து உயிருக்குப் பயந்து வந்தவர்கள் கொழும்பின் புறநகரிலும் நீர்கொழும்பிலும் வாடகை அறைகளில் இருக்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இலங்கை கையெழுத்திடவில்லை. ஆகவே அவர்கள் இங்கே நிரந்தரமாகக் குடியேறவும் முடியாது, முறையாக வேலை செய்யவும் முடியாது. மூன்றாவது நாடொன்று எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அப்படிப் போக அவர்களுக்கு உதவிவந்த ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் 2024 முடிவில் இலங்கையில் தன் பணிகளைப் பெரிதும் குறைத்துக்கொண்டது. 2025 ஜனவரியில் அமெரிக்காவும் அகதிகளை ஏற்கும் திட்டத்தை நிறுத்தியது. பெட்டி கட்டி வைத்துக்கொண்டு இருந்த குடும்பங்களுக்கு இது பேரிடி.

பிள்ளைகளின் நிலைமைதான் எங்களை அதிகம் வாட்டியது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்க முடிகிறது, ஆனால் பாடசாலையில் இடம் கிடைப்பது மிகக் கடினம். சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதன் 28ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வி உண்டு என்கிறது. விசா வரும்வரை பெரியவர்கள் காத்திருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளை எழுத்துப் படிக்க எத்தனை வருடம் காத்திருக்கும்?

ஆகவே உலர் உணவுப் பொதியோடு நின்றுவிடாமல் சனிக்கிழமை வகுப்பு தொடங்கினோம். ஆங்கிலம், கணக்கு, தமிழ் மூன்றும் நடக்கின்றன. ஓய்வு பெற்ற ஆசிரியைகள் சம்பளம் வாங்காமல் வருகிறார்கள். வயதைப் பார்த்து வகுப்புப் பிரிக்கவில்லை, பிள்ளைக்கு எது தெரியும் என்று பார்த்துப் பிரித்தோம். முதல் சில வாரம் ஒரு பையன் கணக்குக் கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை. அப்புறம் பார்த்தால் உருது இலக்கங்களில் பின்னக் கணக்கைச் சரியாகச் செய்கிறான்! அவனை இப்போது சிறிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் விடுகிறோம். பிள்ளைகள் வந்துபோகும் பஸ் காசையும் சங்கமே கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

பழைய உடுப்பு சேர்ப்பதைக் குறைத்துவிட்டு, கடைக் கூப்பனும் வாடகைக்கு உதவியும் கொடுத்தோம். தன் பிள்ளைக்கு மா வேண்டுமா மருந்து வேண்டுமா என்பது தாய்க்குத்தான் தெரியும். பொதி வாங்கும் பிள்ளைகளைப் படம் எடுப்பதில்லை என்றும் தீர்மானம் போட்டோம். தப்பி வந்தவர்களின் முகத்தை வெளியே காட்டுவது அவர்களுக்கு ஆபத்தாகவும் முடியலாம்.

டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் ரோகிங்கியா மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு ஒரு படகு வந்தது. அதில் குழந்தைகளும் இருந்தார்கள். 2017இல் மியன்மாரின் ரக்கைன் மாநிலத்தில் இருந்து 7 இலட்சத்துக்கும் அதிகமானோர் பங்களாதேசுக்கு ஓடிய அதே இனத்தவர். முள்ளிவாய்க்கால் பக்கத்து மீனவர்கள்தான் முதலில் கண்டு உதவினார்கள். 2009இல் போரின் கடைசி நாட்களில் எல்லாவற்றையும் இழந்த கரை அது. அந்தச் செய்தி வந்த கையோடு அங்கத்தவர்கள் கொண்டுவந்த பால்மா, துவாய், பிள்ளைகளின் உடுப்புகளை வடக்கிலுள்ள தொண்டர்கள் மூலம் அனுப்பினோம்.

ஒரு கேள்வி குழுவில் பலமாக எழுந்தது. வன்னியில் எங்கள் பிள்ளைகளே இன்னும் கஷ்டப்படும்போது இது தேவையா? நியாயமான கேள்விதான். வன்னி மாணவர்களின் உதவிப் பணத்தில் ஒரு சதமும் குறைக்கவில்லை என்பதைச் சபைக்கு உறுதியாகச் சொல்கிறேன். 1983 கலவரத்தில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் இருந்து, பிறகு லங்கா கல்யாணி கப்பலில் காங்கேசன்துறைக்குப் போன மூத்த அங்கத்தவர் ஒருவர் அன்று எழுந்து பேசினார். "எங்களுக்குச் சோறு தந்தவை நாங்கள் ஆர் எண்டு கேக்கேல்லை" என்றார். வாக்கெடுப்பு வைக்கத் தேவைப்படவில்லை.

வரும் ஆண்டுக்குச் சபையிடம் கேட்பவை இவை. வகுப்புக்கு நிரந்தரமாக ஒரு இடம் வேண்டும், இப்போதைய மண்டபத்தில் திருமண நாட்களில் எங்களுக்கு இடமில்லை. உருது அல்லது பாரசீகம் தெரிந்த யாரையாவது அறிந்தவர்கள் தெரியப்படுத்துங்கள். மாதச் சந்தாவைக் கூட்டும் பிரேரணையைப் பொருளாளர் கொண்டுவருவார், அதை ஆதரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமைகளில் படிப்பிக்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள்.

செயலாளர்
கொழும்பு