பெரிய கண்காட்சிகளைத் தமுக்கம் மைதானத்திலிருந்து சுற்றுச்சாலைப் பகுதிக்கு மாற்றக் கோரும் மூன்றாவது மனு

அனுப்புநர்:
தல்லாகுளம் குடியிருப்போர் சார்பில் ஒருவர்,
மதுரை – 2.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மதுரை.

பார்வை: இதே பொருளில் முன்னர் அளித்த இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இக்கோரிக்கையை இருமுறை உரிய இடத்தில் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் பெற்றிருக்கிறோம். பதில் வராத காரணத்தால் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறோம். தமுக்கத்தையும் கோரிப்பாளையம் சந்திப்பையும் தாங்கள் நன்கறிவீர்கள். இடத்தை விவரிக்கத் தேவையில்லை.

1. சித்திரைப் பொருட்காட்சியையோ, அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்குக் கூடும் கூட்டத்தையோ நாங்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அது எங்கள் ஊர்த் திருவிழா. ஆனால் 2022 செப்டம்பரில் தமுக்கத்தில் மாநாட்டு மையம் திறக்கப்பட்டபின், திருவிழா நாட்களில் மட்டும் இருந்த நெரிசல் மற்ற மாதங்களுக்கும் பரவிவிட்டது. கோரிப்பாளையத்தில் மேம்பாலப் பணி தொடங்கியது முதல் நிலைமை இன்னும் மோசம்.

2. என் தாயாருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். பனகல் சாலை அரசு மருத்துவமனையிலிருந்து மாலை ஏழு மணியளவில் சோர்ந்து திரும்புவார். நிகழ்ச்சி நாட்களில் எங்கள் தெருவின் வாயிலிலேயே கார்களை நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆட்டோ உள்ளே வர முடியாது. கடந்த முறை, பக்கத்து வீட்டுத் தம்பியும் நானும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இரு கார்களுக்கு இடையில் பக்கவாட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். அப்போது ஊசி குத்திய கை ஒரு காரின் கண்ணாடியில் இடித்து, கட்டு நனைந்து, சேலை முழுவதும் இரத்தமாகிவிட்டது. வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அன்று இரத்தம் நிற்காமல் போயிருந்தால், அந்தத் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் எப்படி வந்திருக்கும், ஐயா?

3. கண்காட்சி நகரின் நடுவில் இருந்தால்தான் எல்லோருக்கும் வசதி என்று சொல்லப்படுகிறது. சுற்றியுள்ள கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வியாபாரம் நடப்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் வெளியூரிலிருந்து வருவோரில் பெரும்பாலோர் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் இறங்கியோ, சுற்றுச்சாலை வழியாகவோதான் வருகிறார்கள். அவர்களை ஏற்கெனவே திணறும் சாலைகளுக்குள் இழுத்து வருவதைவிட, மாட்டுத்தாவணியைத் தாண்டி, சுற்றுச்சாலையை ஒட்டிப் பெரிய கண்காட்சிகளுக்கு ஓர் இடம் ஒதுக்குவதே முறை. கட்டிய அரங்கத்தை மூடச் சொல்லவில்லை. கூட்டங்களும் கலை நிகழ்ச்சிகளும் அங்கேயே நடக்கட்டும். இனிக் கட்டப்படும் அரங்கமாவது, வாகனம் நிறுத்த இடமுள்ள பகுதிக்குப் போகட்டும்.

4. அதுவரை, நிகழ்ச்சி நாட்களில் தெரு வாயிலில் ஒரு தடுப்பும் ஒரு காவலரும் போதும். இதையும் கேட்டுத்தான் இரண்டு மனுக்கள் கொடுத்தோம். இன்னும் எத்தனை மனு கொடுக்க வேண்டும்?

5. வழியை விடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

எனவே, தாங்கள் ஒரு நிகழ்ச்சி நாளன்று மாலை ஏழு மணிக்கு நேரில் வந்து எங்கள் தெரு வாயிலைப் பார்வையிட்டு, பெரிய கண்காட்சிகளை இடம் மாற்றவும், உடனடியாகத் தெருவழியைத் திறந்து வைக்கவும் ஆணையிடுமாறு மீண்டும் மிகப் பணிவுடன் வேண்டுகிறோம். என் தாயாருக்கு அடுத்த முறை வரும் வியாழக்கிழமை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தல்லாகுளம் குடியிருப்போர் சார்பில்.