இறால் ஏறவும் ஒரு வழி விடுங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

வன்னிக் குளங்களில இறால் குஞ்சு விட்டதப் பற்றி உங்கட பேப்பரில வாசிச்சன். நல்ல விசயம், குளத்து மீன்பிடிய நம்பியிருக்கிற குடும்பங்களுக்கு அது பெரிய கைகுடுப்பு. ஆனா ஏன் திரும்பத் திரும்பக் குஞ்சு வாங்கி விடோணும், அது ஏன் குளத்துக்குள்ளயே பெருகுதில்ல எண்டத ஒருத்தரும் எழுதுறேல்ல.

நன்னீர் இறால் எண்டு பேர்தான், அதின்ர குஞ்சுப்பருவம் உவர்த்தண்ணியில. தாய் இறால் முட்டையச் சுமந்துகொண்டு ஆத்தோட கீழ இறங்கும், பொரிச்ச குஞ்சு களப்பில வளந்து திரும்ப ஆத்தால மேல ஏறும். குளத்துக்குள்ள பொரிச்சா உப்பில்லாமச் செத்துப்போம். 1960களின்ர தொடக்கத்தில பினாங்கில லிங் எண்ட விஞ்ஞானி இதக் கண்டுபிடிச்ச பிறகுதான் குஞ்சு பொரிக்கிற நிலையங்களே வந்தது. 1965ல மலேசியாவில இருந்து 36 இறால ஹவாய்க்குக் கொண்டுபோய்ப் பெருக்கி, அங்கயிருந்து கன நாட்டுக்குப் போச்சு.

ஆனா ஆக்கள் கொண்டுபோக எவ்வளவோ காலத்துக்கு முந்தியே ஹவாய்க்கு வேற சின்ன இறால் சாதியள் தானாப் போய்ச் சேர்ந்திட்டுது. ஒரு கரையோடயும் ஒரு நாளும் ஒட்டாம நடுக்கடலில எரிமலையா எழும்பின தீவுகள் அது, கண்டம் எண்டா 3,000 கிலோமீற்றருக்கும் அங்கால, அப்பிடியிருந்தும் அங்கத்த மலை ஓடையில இறால் இருக்கு எண்டா குஞ்சுப்பருவத்தில கடலோட்டத்தோட இழுபட்டு வந்து ஆத்து வாயப் பிடிச்சு மேல ஏறினதாலதான், நீர்வீழ்ச்சிப் பாறையிலகூட ஈரத்தப் பிடிச்சு ஏறுமாம். இன்னொரு சாதி கிழக்கு ஆபிரிக்காவில இருந்து பசிபிக்கில மார்க்கெசாஸ் தீவுகள் வரைக்கும் பரவிக் கிடக்கு.

அப்பிடிப்பட்ட உசிர ஒரு கொங்கிறீட் சுவர் மறிச்சுப்போடும். போர்ட்டோ ரிக்கோத் தீவில தண்ணி வழியாத உயரமான அணைகளுக்கு மேல நாட்டு இறால் இல்லாமப் போச்சு.

எங்கட கனகராயன் ஆறு சுண்டிக்குளம் களப்பிலதான் விழுது, களப்பும் ஆறும் இருக்கு, நடுவில ஏறுற வழிதான் வேணும். அந்த ஆத்த மறிச்சுக் கட்டின இரணைமடுக் குளம் மாதிரிப் பெரிய கட்டில இது லேசில்ல, எனக்குத் தெரியும். ஆனா கீழ இருக்கிற சின்ன அணைக்கட்டு, சின்னக் குளத்து வான் (நிரம்பின தண்ணி வழியிற இடம்) எல்லாம் திருத்தேக்க ஒரு கரையோரமாச் சொரசொரப்பான கல்லுப் பதிச்சுச் சரிவா விட்டு, மாரியில வான் பாயேக்க அதாலயும் கொஞ்சம் தண்ணி வழிய விட்டாக் காணும். வான் பாயிற தண்ணி எப்பிடியும் கடலுக்குப் போறதுதானே, வயலுக்கு ஒரு சொட்டும் குறையாது.

நீர்ப்பாசனப் பகுதியும் மீன்பிடிப் பகுதியும் இதப் பற்றி ஒண்டா இருந்து கதைக்கோணும், அடுத்த திருத்த வேலைக்குப் பிளான் கீற முந்தியே. நீங்களும் அவையளிட்டக் கேட்டு எழுதுங்கோ.

குளத்து மீன்பிடிகாரன் ஒருத்தன்,
வட்டக்கச்சி.