மேல் வீட்டு அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

எங்கள் வீட்டில் வைத்தே ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையில் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ரத்த அணுக்களின் கவுன்ட் ஏறிவிட்டது. கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோபில் தொடர்ந்து மூன்றாவது நாளாக 500-க்கு மேல் நிற்கிறது, செலுத்திய ஸ்டெம் செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிடித்துக்கொண்டன என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்களில் பலர் தினமும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இதுதான் பதில். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதற்குள் மறுபடி போய்வர எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், சரியாகத் தூங்கி ரொம்ப நாளாகிறது.

தினமும் காலையில் வந்து ரத்தம் எடுத்து, ரத்தக்குழாயில் போட்டிருந்த லைனில் சலைன் விட்டு, அவளை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் புண்ணைப் பார்த்துப் போன நர்ஸ்களுக்கு நன்றி. மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து ஏறிய நேரம் முழுக்க அவள் வாயில் ஐஸ் துண்டு தீராமல் பார்த்துக்கொண்டவருக்கும் நன்றி. வாய் குளிர்ந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறையும், மருந்தும் அவ்வளவாகப் போகாது. புண் வந்தது, ஆனால் தண்ணீர் விழுங்க முடிந்தது. நடுராத்திரி தெர்மாமீட்டர் 100.4-ஐத் தொட்டபோது "பாரசிட்டமால் கொடுத்துடாதீங்க, அப்படியே கிளம்பி வாங்க" என்று சொல்லி, நாங்கள் போய் இறங்கியதுமே ஆன்டிபயாட்டிக் ஏற்றிய டாக்டருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பிளேட்லெட் கொடுத்தவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. எடுத்த பிளேட்லெட் ஐந்தாறு நாளுக்கு மேல் தாங்காது என்பதால், அவளுக்குத் தேவைப்பட்ட அதே வாரத்தில் யாரோ ஒருவர் வேலையை விட்டுவிட்டு வந்து கையை நீட்டியிருக்கிறார். நான் தூங்கிய நேரத்தில் விழித்திருந்த தங்கைக்கும், என் வேலையையும் சேர்த்துச் செய்த அலுவலக நண்பர்களுக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று மருத்துவமனையில் சொன்னபோது முதலில் பயந்தது நான்தான். வெள்ளையணுவே இல்லாத ஆளை வீட்டில் வைத்துக்கொள்வதா? டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஸ்டாக்ஹோமின் ஹூடிங்கே மருத்துவமனையில் 1998-லேயே இதை ஆரம்பித்துவிட்டார்களாம், அதுவும் வேறொருவரின் அணுக்களைப் பெற்ற நோயாளிகளுக்கு. தினமும் நர்ஸ் வீட்டுக்குப் போவார், டாக்டர் போனில் பேசுவார். வீட்டில் இருந்தவர்கள் வார்டில் இருந்தவர்களைவிட நன்றாகச் சாப்பிட்டார்கள் என்றும் பார்த்திருக்கிறார்கள். இவளுக்கோ சொந்த அணுக்கள்தான், ஆபத்து அதைவிடக் குறைவு. சரி என்றோம். கூடவே ஒரு பட்டியல் தந்தார்கள். இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவர் உடன் இருக்க வேண்டும், மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும், பூத்தொட்டி கூடாது, சளி பிடித்தவர்கள் வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் டிக் போட்டோம்.

மேல் வீட்டில் சுவர் இடிக்கப் போகிறார்கள் என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை.

மாற்று சிகிச்சை வார்டில் காற்றையே வடிகட்டி அனுப்புகிறார்கள். 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தை அந்த ஃபில்டர் பிடித்துவிடும். வீட்டில் ஜன்னல்தான் இருக்கிறது. பழைய சுவரிலும் பூச்சிலும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் நுண்வித்துகள் தங்கியிருக்கும், இடித்தால் தூசியோடு கிளம்பும். நீங்களும் நானும் அதைத் தினமும் மூச்சில் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. நியூட்ரோபில் இல்லாத உடம்பில் அது நுரையீரலில் வேர்விட்டுவிடலாம்.

மேஸ்திரி வந்து அளவெடுத்துப் போனதைப் பார்த்ததும் மாடி ஏறினேன். அந்த வீட்டு அக்காவிடம் அதுவரை படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தலையசைப்பதோடு சரி, பெயர்கூடத் தெரியாது. ஹால் முழுக்க டைல்ஸ் பெட்டிகள். இரண்டு குளியலறைகளில் ஒன்றை ஏற்கெனவே பாதி பெயர்த்துப் போட்டிருந்தார்கள். நான் பூஞ்சை, நுரையீரல் என்று ஏதோ உளறிக்கொண்டிருந்தேன். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"எத்தனை நாளைக்கு, தம்பி?"

"கவுன்ட் ஏற ரெண்டு வாரம் ஆகலாம்க்கா. அப்புறம் டாக்டர் என்ன சொல்றாரோ."

"சரி. மேஸ்திரிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க போய் அவளைப் பாருங்க."

அவ்வளவுதான். கொடுத்த அட்வான்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வீட்டில் ஆறு பேர். அத்தனை பேரும் இத்தனை நாளும் ஒரே குளியலறையில் சமாளித்திருக்கிறார்கள், வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பும் காலை நேரத்தில்.

இதோடு நின்றிருந்தாலே போதும். ஒரு நாள் எங்கள் நர்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டே, "மேல் வீட்டம்மா படிக்கட்டில் என்னை நிறுத்தி, கீழ இருக்கிற பொண்ணுக்கு வேற என்னென்ன ஆகாதுன்னு கேட்டாங்க" என்றார். எங்களிடம் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாதென்று அவரிடம் கேட்டிருக்கிறார். மறுநாள் படிக்கட்டு ஓரத்தில் இருந்த அவருடைய தொட்டிச் செடிகள் எல்லாம் மொட்டை மாடிக்குப் போய்விட்டன. மண்ணிலும் பூஞ்சை இருக்கும் என்று நர்ஸ் சொல்லியிருக்க வேண்டும். பெயர்த்த இடத்தை பிளாஸ்டிக் தாள் வைத்து ஓரமெல்லாம் டேப் ஒட்டி மூடினார். படிக்கட்டைப் பெருக்குவதை நிறுத்தி ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தார். பெருக்கினால் தூசி பறக்குமே என்பது எங்களுக்கே தோன்றாத விஷயம்.

பார்க்கவும் வரவில்லை. பாசத்தோடு கதவு வரை வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. வந்தவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மேல் எந்த வருத்தமும் இல்லை. ஆனால் ஒரே கட்டிடத்தில், எங்கள் தலைக்கு மேலேயே இருந்துகொண்டு, ஒரு தடவைகூடக் கதவைத் தட்டாமல் இருந்தாரே, அந்த விவேகம் எல்லோருக்கும் வந்துவிடாது.

வார்டில் இருந்திருந்தால் எங்களைக் காப்பது மருத்துவமனையின் பொறுப்பு. வீட்டில் இருந்ததால் அந்தப் பொறுப்பில் ஒரு பங்கு, எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு குடும்பத்தின் தலையில் போய் விழுந்தது. வீட்டு சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது நர்ஸ், போன், லைன் எல்லாம் பேசுகிறோம். அக்கம்பக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று டாக்டரிடமும் சொல்லிவிட்டேன், பட்டியலில் ஒரு வரி சேர்க்கிறேன் என்றிருக்கிறார். நானும் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். இனி எங்கள் வீட்டில் ஒரு ஆணி அடிப்பதற்கு மேல் எது செய்வதாக இருந்தாலும், முதலில் மேலேயும் கீழேயும் போய்க் கேட்டுவிட்டுத்தான். பிளேட்லெட் கொடுப்பதற்கும் பெயர் பதிந்துவிட்டேன்.

அக்கா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும், உங்கள் பெண்தான் காட்டுவதாகச் சொன்னாள். கவுன்ட் ஏறினாலும் தூசி இன்னும் சில மாதம் ஆகாது என்கிறார் டாக்டர். அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் என் தங்கை வீட்டுக்குப் போகிறோம், வேலை முடிந்து தூசி அடங்கிய பிறகுதான் திரும்புவோம். மேஸ்திரிக்குச் சொல்லிவிடுங்கள், இரண்டு குளியலறையையும் சேர்த்தே இடிக்கட்டும்.