புளி நனைந்த கதை

அரூர்,
சித்திரை 18

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தள்ளிப்போனதற்குப் புளிதான் காரணம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

புனேயில் நீ காலையில் நடக்கப் போகும் பாஷாண் சாலையில்தான் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இருக்கிறது, அங்கே செய்த புது மாடலால், அதாவது கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வானிலையை முன்கூட்டிச் சொல்லும் முறையால், உன் அரூருக்கு ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் புவியியல் நடத்தியவனிடம் இப்படிக் கேட்டால் சும்மா விடுவேனா?

2025 மே 26-ல் நாட்டுக்கு அர்ப்பணித்தார்களே, பாரத் முன்கணிப்பு முறை, அதைத்தான் நீ சொல்கிறாய். அதுவரை நம் உலக மாடல் பூமியை 12 கி.மீ. நீள அகலக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு கணக்காக ஓடியது. ஒரு கட்டம் என்றால் 144 சதுர கி.மீ. சித்தேரி மலை, அதன் அடிவாரம், நடுவில் உள்ள ஏரி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சராசரி உயரம், ஒரே மழை. அந்தக் கணக்கில் நம் மலைகள் எல்லாம் குட்டையாகிவிடும். மலையே இல்லாவிட்டால் காற்று எதில் மோதி மேலேறும், மேகம் எங்கே திரளும்?

இப்போது 6 கி.மீ. பழைய ஒரு கட்டம் நான்காகிவிட்டது. ஆனால் வேலை நான்கு மடங்கோடு நிற்பதில்லை. கட்டம் சுருங்கினால் கணக்குப் போடும் நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டும், ஆக எட்டு மடங்கு. அதற்குத்தான் 11.77 பெட்டாஃபிளாப்ஸ், அதாவது நொடிக்கு ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் லட்சம் கோடி கணக்குப் போடும் வேகத்தில், 'அர்கா' என்ற சூப்பர் கம்ப்யூட்டரை 2024 செப்டம்பரில் உங்கள் ஊரில் இறக்கினார்கள்.

சரி, 6 கி.மீ. போதுமா? புயலுக்கும் பருவமழைக்கும் நல்ல முன்னேற்றம்தான். நம் சித்திரை இடிமழைக்குப் போதாது. அந்த மேகம் சில கி.மீ. அகலம்தான் இருக்கும், முக்கால் மணி நேரத்தில் கொட்டிவிட்டுக் கலைந்துவிடும். மாடலில் ஒரு உருவம் ஒழுங்காகப் பிடிபட ஐந்தாறு கட்டங்களாவது வேண்டும். அமெரிக்காவில் 2014-லிருந்தே 3 கி.மீ. கட்டத்தில் ஒரு வட்டார மாடலை மணிக்கு ஒரு முறை ஓட்டுகிறார்கள், ரேடார் காட்டுவதை உடனுக்குடன் அதற்கு ஊட்டி. நமக்குச் சென்னை ரேடார் 200 கி.மீ.க்கு அப்பால். பூமி வளைந்திருப்பதால் அவ்வளவு தூரம் வரும்போது அதன் கதிர் நம் தலைக்கு மேல் சில கி.மீ. உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். கீழே என்ன நடக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஃபெஞ்சல் புயல் சமயத்தில் நீ இங்கே இல்லை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராமல் நின்றுவிட்டு, வலுவிழந்து மேற்கே வந்தது. டிசம்பர் 2 காலை ஊத்தங்கரையில் 50 செ.மீ., நம் அரூரில் 33. ஊத்தங்கரையில் வருஷ மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டிவிட்டது. ஏரித் தண்ணீர் சாலைக்கு வந்து நிறுத்தியிருந்த வண்டிகளைப் புரட்டிக்கொண்டு போனதை டிவியில் பார்த்திருப்பாய். மழை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த மூலையில் இவ்வளவு என்பதுதான் தெரியாமல் போனது.

இப்போது புளிக்கு வருகிறேன். போன வாரம் தோல் நீக்கிய புளியைக் களத்தில் காயப்போட்டிருந்தோம். மழை வருமா என்று ஊர் ஊராகப் பிரித்துக் காட்டும் செயலி ஒன்றைப் பையன் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறான். மாலை நான்கு மணிக்குத் தீர்த்தமலை பக்கம் நல்ல மழை, எங்களுக்கு ஒன்றுமில்லை என்றது. நானும் தார்ப்பாயை மடித்துத் திண்ணையிலேயே வைத்துவிட்டேன். நாலே காலுக்குப் புழுதி வாசனை, அதன் பின்னாலேயே மழை. நானும் உன் தங்கச்சியும் ஓடி மூடுவதற்குள் பாதிப் புளி ஊறிவிட்டது. மறுநாள் பார்த்தால் கறுத்துக் கிடக்கிறது. வியாபாரி கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் கீழே போட்டுவிட்டார். மாடியில் வைத்திருக்கும் மழைமானியில் 22 மி.மீ. தீர்த்தமலையில் ஒரு தூறல்கூட இல்லையாம்.

அன்று கோபம்தான். இரண்டு நாள் கழித்து யோசித்தேன். நேரம் சரி, அளவும் ஏறக்குறைய சரி, இடம்தான் தப்பு. பழைய மாடலாக இருந்தால் 'மாவட்டத்தில் ஆங்காங்கே லேசான மழை' என்று பொதுவாகச் சொல்லியிருக்கும், யாரும் குறை சொல்ல முடியாது. கூர்மையாகச் சொல்லும் மாடல் இடம் மாறினால் இரண்டு தப்பு: அங்கே வரும் என்றது வரவில்லை, இங்கே வராது என்றது வந்துவிட்டது. மதிப்பெண் போட்டால் மழுப்பியவன் பாஸ், துணிந்து சொன்னவன் ஃபெயில். நானே இப்படித் திருத்தியிருக்கிறேனோ என்னவோ!

அதனால் இப்போது அரூரை மட்டும் பார்ப்பதில்லை. தீர்த்தமலை, மொரப்பூர், சித்தேரி, ஊத்தங்கரை என்று சுற்றியுள்ள ஊர்களையும் தட்டிப் பார்க்கிறேன். அதில் ஒன்றில் மழை என்றாலும் தார்ப்பாய் களத்துக்குப் போய்விடும். உன் தங்கச்சி கேட்டாள், "இதுக்குப் போன் எதுக்கு, தினமும் மூடிட வேண்டியதுதானே?"

நனையாமல் தப்பியதில் இரண்டு கிலோ புளியைக் கொட்டை நீக்கிக் கட்டி வைத்திருக்கிறேன். வைகாசியில் உன் மருமகன் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். கறுத்தது எங்கள் வீட்டு ரசத்துக்கு.

அன்புடன்,
உன் கோவிந்தன்