பெறுபேற்று அட்டவணையில் பிள்ளைகளையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தரம் 11 பிள்ளைகள் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தால் போதும், அடுத்த நாளே எந்தப் பாடசாலைக்கு எத்தனை வீதம், எந்தக் கல்வி வலயம் கடைசி என்று பத்திரிகையிலும் முகநூலிலும் அட்டவணை வந்துவிடுகிறது. எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் கீழேதான் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ஊரில் நடக்கிற பேச்சு இரண்டே வகை. வாத்திமார் சரியில்லை, இல்லாவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும். இரண்டையும் கேட்டுக் கேட்டு மனம் வெறுத்துப் போய்த்தான் இதை எழுதுகிறேன். நான் நுவரெலியா மாவட்டத்து அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு வகை 2 பாடசாலையில் பிள்ளை படிக்கிற பெற்றோர், அங்கே அபிவிருத்திச் சங்கத்திலும் இருக்கிறேன்.

வகை 2 என்றால் தரம் 11 வரைதான், உயர்தரம் கிடையாது. இப்படிப்பட்ட பாடசாலையில் தரம் 5க்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிற பிள்ளை டவுனில் இருக்கிற பெரிய பாடசாலைக்குப் போய்விடும். போகத்தான் வேண்டும், என் பிள்ளைக்குக் கிடைத்தாலும் அனுப்புவேன். அப்புறம் கடைக்காரர், ஆசிரியர், தோட்ட உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள் பலர் வெட்டுப்புள்ளி இல்லாமலே எப்படியாவது இடம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்து, ஐந்து வருடம் கையைப் பிடித்து எழுதவைத்தது எங்கள் பாடசாலை. அந்தப் பிள்ளை தரம் 11இல் ஒன்பது பாடத்திலும் எடுக்கிற ஏ சித்தி டவுன் பாடசாலையின் கணக்கில் ஏறுகிறது. ஆரம்பப் பிரிவு எவ்வளவு நன்றாகப் படிப்பிக்கிறதோ அவ்வளவுக்கு இடைநிலைப் பிரிவு நல்ல பிள்ளைகளை இழக்கிறது, அட்டவணையில் பாடசாலையும் கீழே இறங்குகிறது. இதை யாருமே எழுதுவதில்லை.

அதிபர் ஒருநாள், பிள்ளைகளைச் சேர்க்கும்போது பெயர் பதிகிற சேர்விடாப்பை விரித்துக் காட்டினார். ஒரு வகுப்பின் பெயர்களை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தால், விடுகைப் பத்திரம் வாங்கிய காரணம் எழுதுகிற இடத்தில் புலமைப்பரிசில், வேறு பாடசாலை, குடும்பம் இடம் மாறியது என்று வரிசையாக இருக்கிறது. சில பெயர்களுக்கு நேரே ஒன்றுமே இல்லை, பிள்ளை வராமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். கொழும்பில் கடையிலோ வீட்டிலோ வேலைக்கு நிற்கிறது என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், இடாப்புக்குத்தான் தெரியாது. கீழே வேறு மையில் ஒரு பெயர். தாய் வெளிநாட்டுக்குப் போனதால் அம்மாயியோடு இருக்க வேறு தோட்டத்திலிருந்து தரம் 8இல் வந்து சேர்ந்த பிள்ளை. தரம் 1இல் சேர்ந்தவர்களும் தரம் 11இல் பரீட்சை எழுதுகிறவர்களும் பாதிக்குப் பாதி ஒரே ஆட்கள் இல்லை. பிறகு எந்த வீதத்தை எதோடு ஒப்பிடுகிறோம்?

கல்வி அமைச்சு வருடா வருடம் பாடசாலைத் தொகைமதிப்பு எடுக்கிறது. ஆண், பெண், இனம், மதம், மொழிமூலம் எல்லாம் கேட்கிறார்கள். எங்கள் பாடசாலையை அதில் பார்த்தால் எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள், பெரும்பாலும் இந்து, கொஞ்சம் கிறிஸ்தவம். டவுனில் இருக்கிற பெரிய தமிழ்ப் பாடசாலையும் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும். ஆனால் அங்கே இருக்கிற பிள்ளைக்குத் தரம் 6இலிருந்தே டியூஷன், வீட்டில் மேசை. இங்கே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு காம்பராவில் ஐந்தாறு பேர், அதற்குள்தான் படிப்பும். அம்மா குறித்த கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021இல்தான், அதுவும் எத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு. ஆனி, ஆடி மழையில் தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிஷன் பிள்ளைகள் நனைந்துகொண்டு இறங்கி வரவேண்டும், அந்த மாதங்களில் வரவு இடாப்பைப் பார்த்தாலே தெரியும்.

இதையெல்லாம் சொன்னால், சாக்குச் சொல்கிறோம் என்கிறார்கள். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். லயத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டேன். நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது, தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியது 1977இல். அந்த முப்பது வருடத்துக்கும் மேலான இடைவெளியில் பிள்ளைக்குச் சரியான பாடசாலையே இருக்கவில்லை. இருந்தும் அதற்குப் பிறகு வந்த பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாக, டாக்டர்களாக, விரிவுரையாளர்களாக இருக்கிறார்கள். எங்கள் பாடசாலையிலேயே கணிதத்துக்கு நிரந்தரமாக ஒரு ஆசிரியர் இருந்த காலத்தில் பிள்ளைகள் கணிதத்தில் சித்தியடைந்தார்கள். அவருக்கு இடமாற்றம் கிடைத்த பிறகு சமயம் படிப்பிக்கிற டீச்சர்தான் கணித நேரத்தையும் சமாளித்தார். கணிதம் போனால் உயர்தரம் போவதே பெரும் பாடு. அந்த வருடம் எங்கள் வீதம் விழுந்ததற்குப் பிள்ளையின் பின்னணி காரணமா, வெற்றிடம் காரணமா? அட்டவணையில் ஒரே ஒரு எண்தான் இருக்கிறது, அது எதையும் சொல்லாது.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றுதான். ஆனால் அது உயர்தரம் முடித்த பிள்ளைக்கு. மாவட்டத்துக்குள்ளே டவுன் பிள்ளைக்கும் மேல் டிவிஷன் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளிதான். தரம் 9இல் நின்றுபோன பிள்ளைக்கு அந்த ஒதுக்கீட்டால் என்ன பிரயோசனம்?

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பெறுபேற்று அட்டவணை போடும்போது, சித்தி வீதத்தோடு தரம் 6இல் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் தரம் 11 வரை வந்தார்கள், கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அந்த வருடம் ஆசிரியர் இருந்தாரா என்பதையும் வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் போடுங்கள். இதெல்லாம் அவர்களிடம் இருக்கிற விபரம்தான். தரமாட்டோம் என்றால் தகவல் அறியும் சட்டம் 2016இலிருந்தே இருக்கிறது, பத்திரிகை கேட்டால் பெற்றோர் கேட்பதைவிடச் சீக்கிரம் பதில் வரும்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்,
அக்கரப்பத்தனை.