ஏலக்கூடத்துக் காற்றாலையின் கணக்கைக் காட்டுங்கள்: பேரூராட்சி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயல் அலுவலர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பேருந்து நிலையத்திலும் பூங்காவிலும் செங்குத்து அச்சுக் காற்றாலை, அதாவது நேராக நிற்கும் தண்டைச் சுற்றிச் சுழலும் காற்றாலை, வைப்பதாகத் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். மீன் ஏலக்கூடத்து மாடியில் இருப்பதைப் போலவே அவையும் இருக்கும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். ஏலக்கூடத்துக் காற்றாலை என்ன நிலையில் நிற்கிறது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மனு கொடுத்தோம், ரசீதும் வாங்கி வைத்திருக்கிறோம், பதில்தான் இல்லை. அதனால் ஊர் படிக்கும்படி கேட்கிறேன்: வைத்த நாளிலிருந்து இன்றுவரை அது எத்தனை யூனிட் கொடுத்திருக்கிறது?

காற்றாலை வந்த கையோடு ஏலக்கூடத்தின் கடல் பக்கத்து விளக்குகளுக்கு இருந்த பழைய மின் இணைப்பை எடுத்துவிட்டீர்கள். இனி எல்லாம் காற்றிலேயே எரியும் என்றீர்கள். கொஞ்ச காலம் மங்கலாக எரிந்தது. அப்புறம் பேட்டரி போனது, சுழல்வதும் நின்றது. விளக்கு மட்டும் திரும்பி வரவில்லை.

எங்கள் ஊரில் வேலை தொடங்குவது விடியற்காலை 3 மணிக்கு. கட்டுமரமும் வள்ளமும் கரை ஏறும், வலையிலிருந்து மீன் கொட்டப்படும், பெண்கள் குந்தி உட்கார்ந்து ரகம் பிரிப்பார்கள். இரண்டு கையும் மீனில் இருக்க வேண்டிய வேலை. போனை வைக்க ஈரமில்லாத இடம் கிடையாது. அதனால் செல்போனில் டார்ச்சைப் போட்டு வாயில் கவ்விக்கொண்டு பிரிக்கிறார்கள். தலையைக் குனிந்தால்தான் வெளிச்சம் மீன்மேல் விழும். கழுத்து வலிக்க வலிக்க, பேச முடியாமல், தாடை மரத்துப்போக ஏலம் தொடங்கும்வரை அப்படியே இருக்கிறார்கள். போன வாரம் எங்கள் தெரு அக்கா ஒருவருக்கு உள்ளங்கையில் கெளிற்று முள் ஏறிவிட்டது. அந்த முள்ளில் நஞ்சு உண்டு, விளிம்பில் ரம்பம் மாதிரிப் பற்களும் இருக்கும். இழுத்தால் சதையையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டுதான் வரும். முழங்கை வரை வீங்கி, ஆஸ்பத்திரிக்குப் போய்க் கீறி எடுத்தார்கள். அன்றாடம் பிரித்தால்தான் அவருக்குக் கூலி. இப்போது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறார். வெளிச்சம் இருந்திருந்தால் கெளிற்றை முதலிலேயே ஒதுக்கியிருப்பார். பிள்ளைப் பருவம் முதல் மீன் பார்த்த கண் அவருடையது.

இதை நினைத்துக்கொண்டு உங்கள் புதிய தீர்மானத்தைப் படித்தால் கோபம் வரத்தான் செய்கிறது. எழுத்தில் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் காற்றாலைக்கு எதிரி இல்லை. முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலை பார்த்து அதில் குடும்பம் நடத்தியவன். 1986-லேயே தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாலை நட்ட மாநிலம் நம்முடையது. ஆனால் அந்தப் பெரிய காற்றாலைகளைக் கண்ட இடத்தில் கொண்டுபோய் நடுவதில்லை. முதலில் கம்பம் நட்டு, காற்றுமானியை மாட்டி, வருஷக்கணக்கில் காற்றை அளந்த பிறகுதான் அஸ்திவாரம் தோண்டுவார்கள். ஏலக்கூடத்து மாடியில் ஒரு நாளாவது காற்றை அளந்தீர்களா?

ஏன் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்றால், காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். உங்கள் காற்றாலையின் தகட்டில் 1 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. பக்கத்திலேயே சின்ன எழுத்தில், நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் என்றும் இருக்கிறது. மணிக்கு 43 கிலோமீட்டர் வேகக் காற்று அது. ஆடி மாதத்தில் சில பிற்பகல்களில் அப்படி அடிக்கும். பங்குனி மாதத்து விடியற்காலையில் நொடிக்கு 4 மீட்டர் வந்தாலே பெரிது. வேகம் மூன்றில் ஒரு பங்கானால் சக்தி 27-ல் ஒரு பங்கு. 1000 வாட் என்று வாங்கியது அந்த நேரத்தில் 37 வாட்கூடத் தராது. அதிலும் பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் போய்விடும். நமக்கு விளக்கு வேண்டியதோ அந்த விடியற்காலையில்தான்.

காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இது சுழலும், அதனால் ஊருக்குள் வைக்கலாம் என்று விற்க வந்தவர்கள் சொன்னார்கள். திசை தேடித் திரும்ப வேண்டியதில்லை என்பது உண்மைதான். பின்லாந்தின் சவோனியஸ் 1920-களில் கொண்டு வந்தது ஒரு வகை. பீப்பாயை நெடுக்காகப் பிளந்து இரண்டு பாதியையும் எதிரெதிராக வைத்த மாதிரி இருக்கும், மெல்லிய காற்றிலும் தானாகக் கிளம்பும், ஆனால் கொடுக்கும் மின்சாரம் குறைவு. பிரான்ஸின் டாரியஸ் அதே காலத்தில் கொண்டு வந்தது வளைந்த மெல்லிய இறக்கைகள் கொண்டது. அதிகம் கொடுக்கும், தானாகக் கிளம்பத்தான் தடுமாறும். இரண்டுக்கும் இடத்தைப் பொறுத்துப் பயன் உண்டு. சூரியத் தகட்டோடு சேர்த்துத் திறந்த வெளியில், தனிக் கம்பத்தில் வைத்தால் சின்னச் சின்ன வேலைக்கு உதவும். ஆனால் எந்தத் திசைக் காற்றையும் வாங்கும் என்பதற்காக, இல்லாத காற்றை அது உண்டாக்கிவிடாது. நீங்கள் வைத்திருக்கும் இடத்துக்கு மேற்கே மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, தெற்கே தென்னந்தோப்பு. அவற்றில் மோதி, சுழித்து, வேகம் செத்துப்போன காற்றுதான் மாடிக்கு வருகிறது. சுற்றி 100 மீட்டருக்குள் நிற்கும் எதைவிடவும் 10 மீட்டராவது உயரத்தில் வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. பாரிஸ் ஈஃபல் கோபுரத்தில் 2015-ல் இந்த வகைக் காற்றாலை இரண்டை வைத்தார்கள். அவற்றைத் தரையிலிருந்து சுமார் 400 அடிக்கு மேலே ஏற்றினார்கள். நீங்கள் காட்டிய படம் அந்தக் கோபுரத்துடையது. நீங்கள் வைத்தது ஒற்றை மாடியில்.

அது ஏன் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் மாடி ஏறிப் பார்த்தேன். அடிப் பேரிங் இறுகிவிட்டது. செங்குத்து அச்சில் மொத்தச் சுழலியின் பாரமும் அடியில்தான் இறங்கும். அது போதாதென்று ஒவ்வொரு சுற்றிலும் காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். கனடாவின் கியூபெக்கில் 110 மீட்டர் உயரத்துக்குக் கட்டிய ஏயோல் என்ற செங்குத்து அச்சுக் காற்றாலையே அடிப் பேரிங் போய்த்தான் 1993-ல் நின்றுபோனது. நம்முடையது கடலுக்கு முன்னால் நிற்கிறது. உப்புக் காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கிரீஸ் வைத்த தடமே அங்கே இல்லை. போல்ட் தலைகள் துருப்பிடித்து விரலால் தொட்டால் உதிர்கின்றன. மாலை போட்டுப் படம் எடுத்துத் திறந்து வைத்தீர்கள், பராமரிப்புக்கு ஒரு ஆளைப் போடவில்லை. பள்ளிக்கூடத்துக் குடிநீர் இயந்திரத்துக்கும் இதேதான் நடந்தது. கடற்கரைச் சாலையின் சோலார் விளக்குகளிலும் பேட்டரி செத்த பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் பணம் ஏன் ஒரு டப்பா கிரீஸுக்குக் கிடைப்பதில்லை? இதெல்லாம் மக்கள் கட்டிய வரி, அதில் மீன்காரப் பெண்கள் கொடுக்கும் சந்தை வசூலும் உண்டு.

சரி, கோபத்தை நிறுத்திக்கொண்டு கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

கடல் பக்கத்து விளக்குகளுக்குப் பழைய மின் இணைப்பை இந்த வாரமே திரும்பக் கொடுங்கள். இதற்குத் தீர்மானமோ டெண்டரோ வேண்டாம், கம்பியும் கம்பமும் அங்கேயே இருக்கின்றன. பசுமை மின்சாரம் அவசியம் வேண்டும் என்றால், அதே மாடியில் 1 கிலோவாட் சூரியத் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். எல்.இ.டி. விளக்குகளுக்கு அது தாராளம்.

பேருந்து நிலையத்துக்கும் பூங்காவுக்கும் காற்றாலை வாங்குவதைத் தள்ளிவையுங்கள். காற்றுமானியை மாட்டி ஒரு வருஷம் அளந்து, அதைப் பலகையில் ஒட்டுங்கள். காற்று இருந்தால் தாராளமாக வையுங்கள், நானே முதல் ஆளாக வந்து நிற்பேன். வாங்குவதும் சோதித்துச் சான்று பெற்றதாக இருக்கட்டும். சிறு காற்றாலைகளைச் சோதிக்கும் தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் கயத்தாறில் இருக்கிறது. அவர்களிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், ஏலக்கூடத்துக் காற்றாலை எத்தனை யூனிட் கொடுத்தது என்று தயவுசெய்து சொல்லுங்கள். அந்தக் கணக்கு மாடி அறையில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியின் மீட்டரில் பதிவாகியிருக்கும். அறை பூட்டியிருக்கிறது, சாவி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அடுத்த மன்றக் கூட்டத்துக்குள் ஒரு நாள் உறுப்பினர் ஒருவரோடு சாவியைக் கொடுத்தனுப்புங்கள். ஏலக்காரர்களும் மீன் பிரிக்கும் பெண்களும் பார்க்க மீட்டரைப் படித்துவிடலாம். பேரிங்கைக் கழற்றிப் பார்க்க ஸ்பேனரும் கிரீஸும் நான் எடுத்து வருகிறேன், அதற்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஏலக்கூடத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவன்